அறுபதுக்குக் கீழே

வெள்ளவத்தையில், கடலுக்கு இரண்டு வீடு தள்ளி, மூன்றாம் மாடி பிளாட்டில் குடியிருப்பவர்களுக்கு ஈரத்தைப் பற்றி எவரும் வந்து சொல்லத் தேவையில்லை. காலையில் போத்தலில் போட்ட உப்பு பின்னேரத்துக்குள் கூழாகிவிடும். நெருப்புக்குச்சியை உரசினால் அதன் தலைதான் கழன்று விழும். பொரித்த அப்பளம் அடுப்படியிலிருந்து மேசைக்கு வருவதற்குள் துவண்டுவிடும். சிவபாதசுந்தரமும் மனைவி பாலேஸ்வரியும் இருபத்தொரு வருடமாக இதற்குள்ளேதான் இருந்தார்கள். அலுமாரியில் கிடந்த அவருடைய கறுப்புச் சப்பாத்தில் பச்சையாகப் பூஞ்சணம் பிடித்தபோது பாலேஸ்வரி அதைத் துடைத்துப் பழையபடி உள்ளே வைத்தார்.

"ஒரு நாளும் போடாத சப்பாத்து. பூஞ்சணமாவது போடட்டும்" என்றார்.

சிவபாதசுந்தரம் பேப்பரில் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

பூஞ்சணம் சப்பாத்தோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. அது சுவருக்கு ஏறியது. அந்த வருடம் ஐப்பசியில் பாலேஸ்வரிக்கு மூச்சு இழுப்பும் வந்தது. லிப்ட் பழுதான நாட்களில் ஒவ்வொரு மாடிக்கும் ஒரு தரம் நின்று, கைபிடியைப் பிடித்துக்கொண்டு, தான் சும்மா வேடிக்கை பார்ப்பதுபோலச் சுவரைப் பார்ப்பார். பொரளையில் நெஞ்சு வருத்தங்களுக்குப் பார்க்கும் டொக்டர் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "மருந்து நான் தாறன் அம்மா. உங்கட வீட்டை ஆர் காய வைக்கிறது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி வெளிநாட்டில், ஸ்காபரோவில் இருக்கும் மகன் பிரியந்தனுக்குப் போனது. அவன் இரண்டு நாள் யோசித்துவிட்டுப் போன் எடுத்தான்.

"அப்பா, வீடு முழுக்க ஈரம் இழுக்கிற மெசின் ஒண்டு பூட்டுறம். இதுதான் கடைசி முயற்சி. வருசக் கடைசி நாள், மார்கழி முப்பத்தோராம் திகதிக்குள்ளை ஈரப்பதன் அறுபதுக்குக் கீழை வந்தால் நீங்கள் அங்கை இருங்கோ. வராட்டில் பிளாட்டை வித்துப்போட்டு ரெண்டு பேரும் இஞ்சை வாறியள். வாங்கிறதுக்கு ஆளும் நிக்குது."

"சரி தம்பி" என்றார் சிவபாதசுந்தரம்.

அவர் ஒருமுறை ஸ்காபரோவில் நான்கு மாதம் இருந்து பார்த்தவர். பிள்ளை ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் அங்கே அவர் ஒரு பொதி. யாராவது காரில் ஏற்றிக்கொண்டு போனால் போவார், இறக்கிவிட்டால் இறங்குவார். வெள்ளவத்தையில் அவர் காலமை ஆறரைக்குத் தன் காலாலேயே சந்தைக்குப் போய், முருங்கைக்காயை முறித்துப் பார்த்து, கடைக்காரனிடம் சிங்களத்தில் ஏச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வருவார். எழுபத்துநான்கு வயதில் அந்த ஏச்சை விட்டுவிட்டுப் போக அவருக்கு மனமில்லை.

தெஹிவளையிலிருந்து நிலாம் வந்து மெசினைப் பூட்டினான். ஏசி வேலைகள் செய்பவன், முப்பது வயது இருக்கும், காதில் எப்போதும் ஒரு பென்சில். மெசின் ஒரு பெரிய டிரங்குப் பெட்டியளவு. வீட்டு நடைபாதைச் சீலிங்குக்கு மேலே அது ஏறிக்கொண்டது. அதிலிருந்து ஒவ்வொரு அறைக்கும் ஒரு குழாய் போனது. வீட்டுக் காற்றையெல்லாம் உள்ளே இழுத்து, குளிரவைத்து, தண்ணீரைப் பிரித்து, காய்ந்த காற்றைத் திருப்பி விடும் என்று நிலாம் சொன்னான். முன்னறையான ஹோலின் சுவரில் தீப்பெட்டியளவு மீட்டர் ஒன்றை ஒட்டினான். அதில் ஓடும் இலக்கம் ஸ்காபரோவில் பிரியந்தனின் போனிலும் ஓடும்.

"யன்னல் எல்லாத்தயும் பூட்டியே வெய்ங்க அங்கிள். பல்கனிக் கதவயும்தான். இந்தத் தண்ணிப் பைப்ப பாத்ரூம் பீலிக்கு உடுறன்."

"பீலிக்கோ?" என்றார் சிவபாதசுந்தரம். "அப்ப தண்ணி?"

"கானுக்குப் போகும்."

இங்கேதான் பிழை நடந்தது. சிவபாதசுந்தரம் முப்பத்திரண்டு வருடம் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை செய்தவர். வாய்க்காலில் எத்தனை அங்குலம் தண்ணீர் வந்தது, எத்தனை அங்குலம் வயலுக்குப் போனது என்று அளந்தே தலை நரைத்தவர். பிடித்த தண்ணீரைச் சாக்கடைக் கானுக்கு விடு என்பது அவருக்குச் சோற்றைக் குப்பையில் கொட்டு என்பதுபோல. பைப்பைச் சுவரோரமாக இறக்கி ஒரு வாளிக்குள் விடச் சொன்னார். நிலாம் காதுப் பென்சிலை எடுத்துப் பார்த்துவிட்டுப் பழையபடி காதிலேயே செருகிக்கொண்டான். "உங்கட வீடு அங்கிள்" என்றான்.

முதல் நாள் பதினாறு லீற்றர் வந்தது. சிவபாதசுந்தரம் அளவுக் கோப்பையால் அள்ளி அள்ளி அளந்து, தடித்த மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதினார். இரண்டாம் நாள் பதினைந்து. பிறகு பதினான்கு. பதினான்கில் அது நிலைத்து நின்றது. வீட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இவ்வளவு தண்ணீர் இருந்திருக்கிறது என்பதில் அவருக்கு ஒரு பெருமை. அந்தக் காலத்தில் ஒரு குளம் நிரம்பி வான்பாயும்போது வந்த அதே பெருமை.

"பதினாலு லீற்றர் தம்பி" என்று மகனுக்குத் தினமும் சொல்வார்.

"மீட்டர் எழுபத்தெட்டிலை நிக்குதே அப்பா."

"அது மெல்ல மெல்லத்தான் இறங்கும். தண்ணி வந்துகொண்டுதானே இருக்கு."

இலக்கம் இறங்கவில்லை. எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது, பிறகும் எழுபத்தெட்டு. பாலேஸ்வரியின் இழுப்பும் குறையவில்லை, இன்னும் கூடியது. தலைக்கு இரண்டு தலையணை வைத்தவர் மூன்றாவதையும் எடுத்துக்கொண்டார். மார்கழி இருபதாம் திகதி பிரியந்தன், வாங்கப்போகிற ஆள் வந்து வீட்டைப் பார்க்க நாள் கேட்கிறார் என்றான். சிவபாதசுந்தரம் போனை வைத்த கையோடு நிலாமுக்கு எடுத்தார்.

அடுத்த நாளே நிலாம் வந்தான். ஏணியில் ஏறிச் சீலிங்குக்குள் தலையை விட்டு, பில்ரரைக் கழற்றிப் பார்த்து, குழாய்களைத் தட்டி, அரை மணித்தியாலம் அங்கேயே நின்றான்.

"மெசின்ல ஒரு பிழையும் இல்ல அங்கிள். வெளிக் காத்தும் உள்ளுக்கு வரல்ல. ஆனா இந்த வீட்டுக்குள்ள எங்கயோ ஒரு குளம் ஈக்குது."

"மூண்டாம் மாடியிலை குளமோ?"

"ஓ. அத நீங்கதான் கண்டுபுடிக்கோணும். உங்கட பழைய வேலதானே."

அந்த நேரம் பாலேஸ்வரி நடைபாதைக்கு வந்தார். ஏணிக்காலுக்குப் பக்கத்திலிருந்த வாளியை இரண்டு கையாலும் தூக்கினார்.

"கொஞ்சம் ஏணியை அரக்குங்கோ தம்பி. துடைக்க வேணும்."

நிலாம் ஏணியில் நின்றபடியே பார்த்தான். வாளி ஹோலுக்குப் போனது. பாலேஸ்வரி துணியை முக்கி, பேருக்குப் பிழிந்து, மூலையிலிருந்து துடைக்கத் தொடங்கினார். தரை கண்ணாடி மாதிரி மின்னியது. ஹோலின் குறுக்கே கட்டிய கொடியில் இரண்டு சீலையும் ஒரு சாரமும் ஒரு படுக்கை விரிப்பும் தொங்கின. பல்கனிக் கதவைத் திறக்கக் கூடாது என்பது அவனே போட்ட கட்டளை.

"ஆன்ட்டி, அது என்த தண்ணி?"

"மெசின் தண்ணி. நல்ல தண்ணி தம்பி. துடைச்சால் ஒரு கறை நிக்காது."

"டெய்லியும் தொடைக்கிறீங்களா?"

"காலமையும் பின்னேரமும். முந்தி செவ்வாயும் வெள்ளியும்தான். இப்ப வாளி நிரம்புதே, என்ன செய்யிறது. மிச்சத்திலை உடுப்பு அலசுவன்."

நிலாம் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தான்.

"அங்கிள், அந்தக் கொப்பிய ஒருக்கா காட்டுங்க. நேத்து எத்தின?"

"பதினாலு."

"முந்தாநேத்து?"

"பதினாலு. நல்லாத்தானே வேலை செய்யுது?"

"நல்லா வேல செய்யுது. இது அதே பதினாலு அங்கிள்."

சிவபாதசுந்தரம் கொப்பியைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். பூட்டிய யன்னலைப் பார்த்தார். பிரியந்தன் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது, கடலிலிருந்து முகிலுக்கும் முகிலிலிருந்து மலைக்கும் அம்புக்குறி போட்டு நீர்வட்டம் கீறிக் கொடுத்தவர் அவர்தான். அந்தப் படத்துக்குப் பிள்ளைக்குப் பத்துக்குப் பத்து கிடைத்தது. இருபத்தைந்து நாளாக அவருடைய வீட்டில் ஒரே தண்ணீர் தரையிலிருந்து காற்றுக்கும், காற்றிலிருந்து சீலிங்குக்கும், சீலிங்கிலிருந்து வாளிக்கும் போய் வந்துகொண்டிருந்தது. அவரும் நாள் தவறாமல் அதை அளந்து எழுதிக்கொண்டிருந்தார்.

"ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன் அங்கிள்" என்று நிலாம் சொல்லிவிட்டு, பைப்பைப் பீலிக்கு விடவா என்று கேட்டான். வேண்டாம் என்றார். அவ்வளவு தூரத்துக்கு அவரால் இன்னும் போக முடியவில்லை.

பாலேஸ்வரிக்குச் சொல்வதுதான் பெரிய பாடாக இருந்தது. தேத்தண்ணி குடித்து முடியும்வரை பொறுத்தார்.

"இஞ்சேர், இனிக் கொஞ்ச நாளைக்கு வீடு துடைக்க வேண்டாம்."

"ஏன்?"

அவர் விளங்கப்படுத்தினார். பாலேஸ்வரி கேட்டுக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமையும் துடைக்கிறேல்லையோ?"

"வெள்ளிக்கிழமையும்தான்."

"கல்யாணம் முடிச்ச நாளிலை இருந்து வெள்ளிக்கிழமை துடைக்காத வீட்டிலை நான் விளக்கு வைச்சதில்லை. இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்திலை கிடந்தபோதும் எங்கட மூலையைத் துடைச்சனான்."

"தெரியும்."

"அப்ப எனக்கு இழுப்பு வந்தது நான் துடைச்சதாலை எண்டு சொல்லுறியள்."

"நீ துடைச்சனீ. நான் அளந்தனான். வாளி வைக்கச் சொன்னதும் நான்தான்."

பாலேஸ்வரி கோப்பையைக் கீழே வைத்தார். மூச்சு கீச்சிட்டது, பழைய கதவு திறக்கிறது போல.

"நீங்களும் பிள்ளையும் போறதோ இருக்கிறதோ எண்டு மாதக்கணக்காக் கதைக்கிறியள். இழுக்கிறது எனக்கு. ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை."

சிவபாதசுந்தரம் யோசித்துப் பார்த்தார். உண்மைதான், கேட்கவில்லை.

"சரி. இப்ப கேக்கிறன்."

"மூச்சு விட ஏலுமெண்டால் இருப்பன். ஏலாட்டில் போவன். நீங்கள் முருங்கைக்காய் முறிக்கிறதுக்காக நான் இஞ்சை சாக ஏலாது."

அது நியாயம். அவர் தலையை ஆட்டினார்.

அந்த வெள்ளிக்கிழமை பாலேஸ்வரி வீட்டை விளக்குமாற்றால் மட்டும் கூட்டினார். கூட்டி முடிந்தும் விளக்குமாற்றைப் பிடித்தபடி நடு ஹோலில் நின்றார். அடுத்து என்ன செய்வதென்று கைக்குத் தெரியவில்லை. சாமித்தட்டுக்கு முன்னால் ஒரு முழம் இடத்தை மட்டும் நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்தார். அது கணக்கில் வராத அளவு.

எதிர்வீட்டுப் பைறோஸா கதவடியில் எட்டிப் பார்த்தார்.

"என்ன பாலேஸக்கா, வெள்ளிக்கெழம தர காஞ்சி கெடக்குது? மேலுக்குச் சொகமில்லயா?"

"சுகம் வரத்தான் காயுது" என்றார் பாலேஸ்வரி. பிறகு வாளியைக் கொண்டுபோய்ப் பைறோஸாவிடம் கொடுத்தார். "நல்ல தண்ணி. நீங்கள் துடையுங்கோ."

அன்றிலிருந்து தண்ணீர் அங்கே போனது. பைறோஸாவின் வீட்டு யன்னல்கள் எல்லாம் திறந்தே கிடந்தபடியால் அது திரும்பி வரவில்லை. கொடியைக் கழற்றி மொட்டைமாடியில் கட்டினார்கள்.

நான்காம் நாள் சிவபாதசுந்தரம் மறுபடியும் நிலாமுக்குப் போன் எடுத்தார். குரல் இறங்கியிருந்தது.

"தம்பி, மெசின் படுத்திட்டுது. பதினாலு வந்த இடத்திலை ஆறு லீற்றர்தான் வருது. நேற்று ஏழு."

"அங்கிள், கொப்பிய மூடி வெய்ங்க. சொவத்துல என்த காட்டுது?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவருக்கு அருகில் போனார்.

"அறுபத்திமூண்டு."

"அப்ப என்னத்துக்கு அழுறீங்க" என்று நிலாம் போனை வைத்தான்.

முப்பத்தோராம் திகதி பின்னேரம் ஆறு மணிக்கு மீட்டரில் ஐம்பத்தெட்டு நின்றது. ஸ்காபரோவில் விடிகிற நேரம். போன் வந்தது, வீடியோவில் பிரியந்தன் கம்பளிச் சட்டையோடு இருந்தான்.

"பாத்தனான் அப்பா. ஐம்பத்தெட்டு."

"ஓம் தம்பி" என்றார் சிவபாதசுந்தரம். அதற்கு மேலே ஒரு சொல்லும் வேண்டாம் என்று முதலே தீர்மானித்திருந்தார்.

"அம்மாவிட்டைக் குடுங்கோ."

பாலேஸ்வரி போனை வாங்கி, கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"மூச்சு எப்பிடி அம்மா?"

"முந்தாநாள் லிப்ட் பழுது. மூண்டு மாடியும் ஒரு தரம்தான் நிண்டனான். அதுவும் பைறோஸா கதை குடுத்ததாலை." கொஞ்சம் பொறுத்து, "இருக்கிறம் அப்பு. அந்த ஆளுக்குச் சொல்லிவிடு" என்றார்.

"ம்" என்றான் பிரியந்தன். பக்கத்தில் எதையோ பார்த்தான். "கீழ் அறைக்குப் பெயின்ற் அடிச்சு வைச்சனான். உங்களுக்குப் பிடிச்ச நிறம். லேசான பச்சை."

பாலேஸ்வரி போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். அதை அப்படியே புருஷனிடம் நீட்டினார்.

சிவபாதசுந்தரம் மகனைப் பார்த்தார். கேட்டது கிடைத்துவிட்டது. வீடு இருக்கிறது, சந்தை இருக்கிறது, ஏச்சும் இருக்கிறது. மகனுக்குப் பின்னால் அந்தப் பச்சை அறை தெரிகிறதா என்று கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"அங்கை என்ன குளிர்?"

"மைனஸ் ஒன்பது."

"ஈரப்பதன்?"

பிரியந்தன் எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "இருபத்தாறு அப்பா. இஞ்சை குளிர்காலத்திலை வீடு காஞ்சு போகும். மூக்கிலை ரத்தம் வரும். நாங்கள் மெசினுக்குத் தண்ணி ஊத்திக் காத்துக்கு ஈரம் விடுறனாங்கள்."

"ஊத்திறதோ?"

"ஓம்."

சிவபாதசுந்தரம் எட்டி அந்தக் கொப்பியை எடுத்தார்.

"எத்தினை லீற்றர்?"

"அளக்கேல்லை அப்பா."

"அளந்து பார். இருபத்தாறு காணாது. நாற்பதுக்கு மேலை வரவேணும்."

"சரி அப்பா."

"நாளைக்கும் எடுத்துச் சொல்லு."

"என்னத்தை?"

"அங்கத்தை இலக்கத்தைத்தான்" என்றார். "ஒவ்வொரு நாளும் சொல்லு."