அருளப்பர் பாப்பரசர் செய்த வேலை

குடியேறிய நாட்டில், ஒடாஹுஹு கத்தோலிக்கக் கோயிலில் மாதம் ஒரு தமிழ்ப் பூசை நடக்கிறதென்றால், அது ஜெயரட்ணம் அலைந்த அலைச்சல். யாழ்ப்பாணத்தில் சின்ன வயதில் பூசைக்கு உதவி செய்து, அர்த்தம் தெரியாத லத்தீனைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்பித்தவர் அவர். பூசையைச் சனத்தின் மொழிக்குக் கொண்டுவர வழி திறந்தவர் இருபத்துமூன்றாம் அருளப்பர் பாப்பரசர்தான் என்று, கண்டவர்களையெல்லாம் பிடித்து நிறுத்திச் சொல்வார்.

அந்தப் பாப்பரசர் மறைந்து முப்பது வருடமாகிறது, தொண்ணூற்று மூன்று ஜூன் பூசைக்கு முன் யாராவது அவரைப் பற்றிப் பேச வேண்டும் என்று பூசை வைக்கும் சுவாமி சொன்னதும், ஜெயரட்ணம் கோட்டை எடுத்து இஸ்திரி போட்டுவிட்டார். சுவாமி கேட்டதோ மோகனதாஸை. மலேசியாவிலிருந்து நேற்று வந்தவன்! எல்லர்ஸ்லியில் ஆபீஸ், கழுத்தில் டை.

"அவனுக்கு அருளப்பரைப் பற்றி என்னப்பா தெரியும்? நான் சொல்லித்தானே தெரியும்!"

"மெல்லக் கதையுங்கோ, ஆக்கள் பாக்கினம்," என்றாள் மனைவி இராசமலர்.

மோகனதாஸ் நன்றாகவே பேசினான். அதுதான் வயிற்றெரிச்சல். உழவர் வீட்டுப் பிள்ளை, வயதானவர், இந்தப் பாப்பரசர் சும்மா இருந்துவிட்டுப் போவார் என்று பலரும் நினைத்திருக்க, உலகத்து ஆயர்களையெல்லாம் அழைத்துச் சங்கம் கூட்டியது, சிறைக்குப் போய்க் கைதிகளைக் கண்டது, சங்கம் முடியுமுன்னே கண்மூடியது. எல்லாம் ஜெயரட்ணம் அவனுக்குக் காரில் சொன்னவை. "போப் ஜான், போப் ஜான்" என்றானே தவிர, தமிழில் அருளப்பர் என்று ஒரு தடவை சொன்னானா? சனம் கண்ணைத் துடைத்தது. இராசமலரும் துடைத்தாள். அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

பூசையில் மனம் ஒட்டவில்லை. "ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்வோம்," என்றார் சுவாமி. ஜெயரட்ணம் வேண்டுமென்றே பின்வரிசை வாங்குகளின் பக்கம் திரும்பி எல்லோரையும் கும்பிட்டார். மோகனதாஸ் விடவில்லை. நடுவழியால் நேரே வந்து கையை நீட்டினான்.

"சமாதானம் அண்ணே. எல்லாம் நீங்க சொன்னதுதானே. உங்களத்தான் பேசக் கூப்பிடுங்கன்னு ஃபாதர்கிட்ட சொன்னேன். 'ஜெயரட்ணம் ஆரம்பிச்சா அன்னிக்குப் பூசையே நடக்காது'ன்னு சிரிக்கிறாரு."

பெருந்தன்மையிலும் முந்திக்கொண்டான்! ஜெயரட்ணத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கையைக் குடுங்கோவன்," என்று இராசமலர் விலாவில் இடித்தாள்.

அந்தச் சங்கத்துக்கு முந்தின காலத்துப் பூசையில் சனத்துக்குள் இப்படிச் சமாதானம் சொல்லும் வழக்கமே இல்லை. சுவாமி முதுகைக் காட்டிக்கொண்டு லத்தீனில் முடித்திருப்பார். பிடிக்காதவன் முகத்தைப் பாராமலே வீட்டுக்குப் போயிருக்கலாம். ஜெயரட்ணம் வாழ்நாளில் முதல்முறையாக அருளப்பர் பாப்பரசரை மனதுக்குள் திட்டினார். திட்டிக்கொண்டே கையைக் கொடுத்தார்.