எழுதக் கூடாத வழி

அந்தப் பாய்மரக் கப்பலின் கேப்டனுக்குப் ‘பென்சில்’ என்று பட்டம் கட்டியது கப்பலின் சமையல்காரர். காதில் பென்சில் சொருகாத முகத்தை அவர் மனைவிகூடப் பார்த்திருக்க மாட்டாள் என்று கேலி பேசுவார்கள். காற்று திரும்பினால் எழுதுவார், திமிங்கிலம் முதுகைக் காட்டினால் எழுதுவார். எழுதாமல் கப்பல் ஓட்டுகிறவனைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு வழியை மட்டும் எட்டு வருடமாக எழுதாமல் வைத்திருந்தார். வருடத்துக்கொருமுறை பத்துப் பன்னிரண்டு பயணிகளோடு அவர் போகிற கடைசித் தீவைச் சுற்றிப் பவளப்பாறை மதில்போல் நிற்கும். உள்ளே நுழைய ஒரே ஓர் இடுக்கு. முதல் வருடம் அதைக் காட்டிய தீவுக்காரர், “கண்ணால பாத்துக்க மச்சான், மனசுல வச்சுக்க. தாள்ல மட்டும் ஏத்தாத. தாளு யார் கைக்கு வேணாலும் போகும்” என்றார். கேப்டன் சத்தியம் செய்தார். மதிலுக்கு உள்ளே ஆள் உட்காரும் அளவுக்குச் சிப்பிகள், ஆமைகள், கால் வைத்த இடமெல்லாம் வெளியூரில் நல்ல விலை போகும் கடல் அட்டை. தீவே அதை நம்பித்தான் இருந்தது. தேவைக்கு மேல் யாரும் தொட மாட்டார்கள்.

போன வருடம் அந்த இடுக்கில் காற்று திடீரென்று மாறி, கப்பல் பாறையில் உரசப் பார்த்தது. தப்பி உள்ளே வந்த வேகத்தில், வழக்கம்போல் பதிவேட்டைத் திறந்தார். எந்தத் திசை, எவ்வளவு ஆழம், எங்கே திருப்பினார் என்று இரண்டே வரி. என்ன எழுதினோம் என்பது அவருக்கே உறைக்கவில்லை. ஊர் திரும்பியதும் பதிவேடு கப்பல் கம்பெனி அலுவலகத்துக்குப் போயிற்று. அங்கே ஒரு பெண் பாடுபட்டு அதை அழகான வரைபடமாக்கி விளம்பரத்தில் போட்டாள். இரண்டு மாதம் கழித்து அதை அலுவலகச் சுவரில் பார்த்தபோதுதான் கேப்டனுக்குத் தன் இரண்டு வரி நினைவுக்கு வந்தது. சத்தம் போட்டு எடுக்கவைத்தார். ஆனால் பார்க்கக் கூடாதவர்கள் அதற்குள் பார்த்துவிட்டார்கள்.

இந்த வருடம் மதிலுக்குள் வெறும் மணல்தான் இருந்தது. பிளந்து எறிந்த சிப்பி ஓடுகள் அடியில் கிடந்தன. பயணிகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

தீவுக்காரர் எதிர்கொண்டு வரவில்லை. கேப்டன் கரையேறி அவர் வீட்டுக்குப் போனார்.

“நாலு பெரிய விசைப்படகு மச்சான். இங்கயே பொறந்து வளந்தவன் கணக்கா நேரா இடுக்குக்குள்ள வந்தானுங்க. பத்து நாள்ல வழிச்சு எடுத்துட்டானுங்க.”

“உன் தம்பி எங்க? கப்பல் கயிறப் புடிச்சுக் கட்ட அவன்தானே வருவான்?”

தீவுக்காரர் தரையைப் பார்த்தபடி சொன்னார். “தொரத்திட்டோம். வெளியாளுங்ககூட வியாபாரம் பேசறவன் அவன் ஒருத்தன்தானே? வேற யாரு சொல்லியிருப்பா? ‘நான் சொல்லலண்ணா’ன்னு காலைப் புடிச்சு அழுதான். நான்தான் படகத் தள்ளிவிட்டேன். பக்கத்துத் தீவுல எல்லாம் கேட்டாச்சு. எங்கயும் போய்ச் சேரலங்கறாங்க.”

கேப்டன் வாசல் வழியே தன் கப்பலைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு போய்விடலாம். பழி ஏற்கெனவே ஒருவன் தலையில் விழுந்தாயிற்று, அவனும் வந்து மறுக்கப் போவதில்லை. இப்படி ஒரு நினைப்பு வந்ததற்கே அவர் தன்னை வெறுத்தார்.

“நான்தான் எழுதினேன் மச்சான்” என்றார். “தெரிஞ்சு செய்யல. ஆனா என் கையாலதான் எழுதினேன்.”

 தீவுக்காரர் எழுந்து, அவரை இடித்துக்கொண்டு வெளியே ஓடினார். தம்பி மனைவி இருந்த வீட்டுக் கதவை இரண்டு கையாலும் தட்டினார்.

“அம்மா, கதவத் தெற! அவன் சொல்லலம்மா! உன் புருஷன் சொல்லல!”

கதவு திறக்கவில்லை. அவர் அடுத்த வீட்டுக்கு ஓடினார், அதற்கடுத்த வீட்டுக்கும். “எந்தம்பி சொல்லல” என்ற ஒரே வார்த்தை கரை முழுக்கக் கேட்டது. தன்னை அடிக்க வருவார்கள் என்று கேப்டன் வெகுநேரம் அங்கேயே நின்றார். ஒருவரும் வரவில்லை.