டிக்கியை மூடினால் விளக்கு அணைகிறதா?

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. முடிவெட்டும் கடையில் கிடைத்தது. பக்கத்து நாற்காலிக்காரர், கழுத்தில் துண்டோடு, "கார் டிக்கிய மூடினா உள்ள இருக்கிற லைட்டு அணையுதா இல்லையான்னு எப்படிப்பா தெரியும்?" என்று கேட்டார். முடிவெட்டுகிறவர் கத்தரியை நிறுத்தாமல், "உள்ள போய்ப் படுத்துப் பாருங்க" என்றார். கடையே சிரித்தது. எனக்கோ, அட, இதில் ஒரு கதை இருக்கிறதே என்று பாதி வெட்டிய தலையோடு எழுந்து ஓடலாமா என்றிருந்தது. (ஓடவில்லை. முழுசாக வெட்டிக்கொண்டுதான் வந்தேன்.)

2

முதல் தொடக்கம்: "அந்திவெயிலில் அந்தச் சாம்பல் நிறக் கார் களைத்துப்போன யானையைப் போல..."

வேண்டாம். கார் காராகவே இருக்கட்டும்.

இரண்டாவது தொடக்கம்: "மெக்கானிக் பானெட்டைத் திறந்ததுமே சொல்லிவிட்டார், கோளாறு என்னவென்றால்..."

இதுவும் வேண்டாம். மெக்கானிக் வந்தால் இரண்டே வரியில் கண்டுபிடித்துவிட்டுப் போய்விடுவார். மீதிப் பக்கத்துக்கு நான் எங்கே போவேன்? அவரை ஒரு கல்யாணத்துக்கு அனுப்பிவிட்டேன். "போனில் வீடியோ ஓடவிட்டு உள்ளே வைத்து மூடினால் போதாதா?" என்று கேட்கிற கெட்டிக்கார வாசகருக்கு: போதும். வைத்துப் பார்த்தேன். கதை அங்கேயே செத்துப்போனது. ஆகவே இந்தக் கதையில் எல்லோருடைய போனும் வீட்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது.

3

ஆக, அவள்தான் ஆரம்பம். வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸ் வேலை அவளுக்குக் கிடைத்திருக்கிறது. சொந்தக் கார் வேண்டும் என்பது நிபந்தனை. முதல் நோயாளி ஒரு பெரியவர். நாளை விடிந்ததும் இவள் போய் இன்சுலின் போட்ட பிறகுதான் அவருக்குக் காலை ஆகாரம். வண்டி கிளம்பாவிட்டால் அவர் பசியோடு உட்கார்ந்திருப்பார், இவள் வேலையும் போய்விடும். அந்த வேலை அவளுக்கு அவ்வளவு வேண்டியிருந்தது. தூக்கத்தில்கூடக் கியர் மாற்றிக்கொண்டிருந்தாள்.

காரை விற்கிறவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், பொய் சொல்லத் தெரியாதவர். (முதலில் அவரைத் தில்லாலங்கடியாகத்தான் எழுதினேன். வந்ததும் வராததுமாக என்னையே ஏமாற்றப் பார்த்தார், தூக்கிவிட்டேன்.)

"சாயங்காலம் நல்லாத்தான் ஓடுதும்மா. காலைல செல்ஃப் எடுக்க மாட்டேங்குது. பேட்டரிய மாத்தி மாத்தி எனக்கே வெறுத்துப்போச்சு."

அவள் பானெட்டுக்குள் பார்த்தாள். பழைய சாமான்களுக்கு நடுவே பேட்டரி மட்டும் புத்தம்புதிதாக இருந்தது. காய்ச்சலுக்கு மாத்திரை மேல் மாத்திரை கொடுத்தார்களே தவிர, காய்ச்சல் எதனால் என்று யாரும் கேட்கவில்லை போலிருக்கிறதே என்று தோன்றியது. வார்டில் கேட்பதைப் போலவே கேட்டாள்.

"எப்போலேர்ந்து சார் இப்படி?"

"அது... என் பொண்ணு வீடு மாறினப்போ தையல் மிஷின டிக்கியில ஏத்திட்டுப் போனோம். அதுக்கப்புறந்தான்னு நினைக்கிறேன்."

அவள் நேரே பின்பக்கம் போய் டிக்கியைத் திறந்தாள். உள்ளே குட்டி விளக்கு எரிந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி அதன் மூடியில் புறங்கையை வைத்தாள். சூடு.

"வெயில்ல நின்ன வண்டிம்மா. எல்லாமே சூடாத்தான் இருக்கும்" என்றார் வாத்தியார். நியாயம்தான்.

ஆனால் மூடும்போது விளக்கை அணைக்கிற சுவிட்சில் மிஷின் இடித்திருந்தால்? விளக்கு ராப்பகலாக எரிந்து பேட்டரியைக் குடிக்கும். சுவிட்சை மாற்றினால் தீர்ந்தது. விளக்கு ஒழுங்காக அணைகிறது என்றால்தான் வம்பு; கோளாறு அந்த வயர்க் காட்டுக்குள் எங்கேயோ ஒளிந்திருக்கிறது, இந்த வண்டியை நம்பி வேலைக்குப் போக முடியாது.

"டிக்கி லைட்டுதான்னா வாங்கிக்கிறோம் சார். இல்லைன்னா மன்னிச்சுக்கங்க" என்றாள்.

4

இப்போது அவள் கணவர். இவர்மேல்தான் எனக்குச் சந்தேகம். நல்ல மனுஷன், அதுதான் தொல்லையே. உப்பில்லாத சமையலையும் "பிரமாதம்" என்று வழித்துச் சாப்பிடுகிறவர். காரைப் பார்த்த மாத்திரத்தில் மனசைப் பறிகொடுத்து, வாங்குவதற்கு முன்பே அதற்குச் "செல்லம்" என்று பெயரும் வைத்துவிட்டார்.

"நான் உள்ள போறேன்" என்று சட்டைக் கையை மடித்தார்.

"ஏங்க, உங்க தொப்பைக்கு டிக்கி மூடுமா?"

"மூச்ச இழுத்துப் பிடிச்சுக்கறேன்."

பிடித்தார். வாத்தியார் மூடினார். டப்.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். அவள் தோளுக்குப் பக்கத்திலேயே நின்று இந்தக் கதையைச் சொல்வதாக எனக்கு நானே போட்டுக்கொண்ட ஒப்பந்தம். அவள் வெளியே நிற்கிறாள், நானும் வெளியே. உள்ளே வெளிச்சமா இருட்டா என்று ஆசிரியனாகிய எனக்கே தெரியாது. ஏதாவது இடுக்கு இருக்கிறதா என்று குனிந்துகூடப் பார்த்தேன். ரப்பர் கச்சிதம்.

"ஏங்க, அணைஞ்சுதா?"

அவள் டிக்கிமேல் இரண்டு தட்டுத் தட்டினாள்.

[இந்த இடைவெளியில் அவர் என்ன நினைத்தார் என்று ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அது எனக்கு எப்படித் தெரியும்?]

"எரியுது! ஜகஜ்ஜோதியா எரியுது!"

வாத்தியார் கைதட்டினார். அவள் தட்டவில்லை. அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். "பிரமாதம்" என்கிற அதே குரல்.

5

இனி முடிவு.

அ) விளக்கு எரிந்தது நிஜம். வாங்குகிறார்கள். சுபம். (கொட்டாவி விடாதீர்கள்.)

ஆ) அவர் சொன்னது பொய். மறுநாள் காலை செல்ஃப் எடுக்கவில்லை. பெரியவர் வாசலையே பார்த்துக்கொண்டு...

மாட்டேன். அந்தப் பெரியவரைப் பட்டினி போட எனக்கு மனசு வராது.

இ) நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் என்னைக் கேட்காமல் டிக்கியைத் திறந்துவிட்டாள்.

6

திறந்தால் விளக்கு எரியத்தானே செய்யும்! அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. கணவர் வியர்வையில் குளித்துச் சுருண்டு கிடந்தார்.

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

"என் மேல சத்தியமா?"

"உன் மேல எதுக்கு? செல்லத்து மேல சத்தியம்."

அவள் கைப்பையை வாத்தியாரிடம் கொடுத்தாள். செருப்பைக் கழற்றினாள். "கொஞ்சம் நகருங்க" என்றாள் கணவரிடம்.

"ரெண்டு பேருக்கு எப்படிம்மா இடம் பத்தும்?" என்று வாத்தியார் பதறினார்.

"நீங்க மூடுங்க சார்."

அப்பாடா, இனி நானும் உள்ளே போகலாம் என்று காலைத் தூக்கினேன். அவள் தோளுக்குப் பக்கம்தானே என் இடம்? அங்கே கணவரின் தலை இருந்தது. டப்.

பிறகு கேட்டது சிரிப்பு. முதலில் அவள், அப்புறம் இரண்டு பேரும். வண்டியே குலுங்கியது. "என்னம்மா, எரியுதா?" என்று வாத்தியார் கேட்டார். அதற்கும் சிரிப்புதான் பதில்.

வேலை கைகூடிய சந்தோஷத்திலும் அவள் அப்படித்தான் சிரிப்பாள். இருட்டில் புருஷனின் பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்தாலும் அப்படித்தான் சிரிப்பாள். அவளைப் படைத்தவன் என்று பேர். எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வாத்தியார் சாவியை என்னிடம் நீட்டினார். நான் திறந்தால் சரிப்படாது. எனக்கு வேண்டிய முடிவைத்தான் பார்ப்பேன்; நானும் அந்தக் கணவர் ரகம்தான். இந்தாருங்கள், நீங்கள் பிடியுங்கள். திறந்ததும் விளக்கைப் பார்க்காதீர்கள், அது எப்படியும் எரியும். அவள் முகத்தைப் பாருங்கள். கொஞ்சம் சீக்கிரம். விடிந்தால் பெரியவர் காத்திருப்பார்.