நாலு சக்கரத்துக்கும் பிரேக்

சாலைக் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருந்த அழகியநம்பிப் பிள்ளைக்கு மோட்டார் வண்டிகளைப் பற்றித் தீர்மானமான அபிப்பிராயம் உண்டு. நல்ல வண்டிகள் எல்லாம் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே வந்து முடிந்துவிட்டன, இப்போது கப்பலில் இறங்குவதெல்லாம் பெயின்ட் அடித்த தகரம் என்பார். கீல் வாங்க வந்தவர்களும் ஆணி வாங்க வந்தவர்களும் இதைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

அவருடைய வண்டி பழைய திறந்த வண்டி. மடக்கி விரிக்கும் கான்வாஸ் கூரை, மர ஆரக்கால் வைத்த சக்கரம், பித்தளை விளக்கு. முன்னால் ஹாண்டிலைச் செருகிச் சுற்றினால்தான் என்ஜின் உயிர் பிடிக்கும். அதற்கு முன் ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஸ்பார்க் லீவரைப் பின்னுக்குத் தள்ளி வைக்க வேண்டும். மறந்தால் என்ஜின் எதிர்ப்பக்கமாக உதைத்து ஹாண்டில் கையைத் திருப்பிவிடும். பதினோரு வருஷத்தில் அவர் ஒருநாளும் மறந்ததில்லை.

அந்த வருஷம் கர்க்கடக மாதத்தில், அதாவது ஆடியில், அவருடைய தங்கை சரஸ்வதியம்மாளின் கணவர் சிவதாணு, ஆரியசாலையில் மிளகு வியாபாரம் செய்கிறவர், புதிய மூடிய கார் ஒன்று வாங்கினார். காட்டுவதற்குக் கடைவாசலுக்கே கொண்டுவந்தார். அழகியநம்பி அதைச் சுற்றி வந்தார். மட்கார்டை விரல் மடக்கித் தட்டினார்.

"தகரந்தான் மாப்பிளே."

"மழையிலே நனையாண்டாம் அத்தான். பொத்தானை அமுக்கினா ஸ்டார்ட் ஆவுது."

"பொத்தானை அமுக்கினா லைட்டும் எரியும். அதுக்குப் பேரு வண்டி ஓட்டுகதா? என்ஜினுக்கு ஜலதோஷமா, பெட்ரோல் குடிக்க மாட்டேங்குதா, எல்லாம் ஹாண்டில் புடிக்க கையிலே தெரியும் கேட்டேரா. இதுலே என்ன தெரியும்?"

"நாலு சக்கரத்துக்கும் பிரேக் உண்டு. எண்ணெயிலே வேலை செய்யுது."

"எண்ணெய் ஒழுகிப்போனா? என் வண்டிக்குப் பின்சக்கரத்துலே மட்டுந்தான் பிரேக்கு. முன்சக்கரத்தைப் புடிச்சா வண்டி குப்புற விழும்."

சிவதாணு சிரித்துக்கொண்டே மட்கார்டில் விழுந்த விரல் தடத்தைத் துடைத்தார். அவர் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று இருந்தது. வண்டி வாங்கிய நாளிலிருந்தே மாலை நேரங்களில் சங்குமுகம் போகிற பாதையில் சரஸ்வதிக்கு அவர் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்து வந்தார். அண்ணன் காதுக்குப் போனால் அதற்கும் ஓர் அபிப்பிராயம் வரும் என்று இருவரும் வாயைத் திறக்கவில்லை.

ஆவணி பிறந்ததும் அழகியநம்பி மனைவி முத்தாரம்மாளை அழைத்துக்கொண்டு சுசீந்திரத்துக்குப் புறப்பட்டார். அவளுடைய தம்பி வீட்டில் கல்யாண நிச்சயம். காலையில் பெட்டிகளைக் கட்டி, டயர்களைப் பார்த்து, ஹாண்டிலைச் செருகிக் குனிந்தபோது தெருமுனையில் புதுக்கார் திரும்பியது. மெதுவாக வந்து சரியாக அவருக்கு எதிரே நின்றது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் சரஸ்வதி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து சீட்டில் பூக்கூடை.

"மைனிக்குப் பூ கொண்டுவந்தேன் அண்ணேன். அவ்வோ மிளகு வாங்க கொல்லத்துக்குப் போயிருக்காவ, அதான் நானே எடுத்துட்டு வந்தேன்."

அழகியநம்பிக்கு மகிழ்ச்சி என்று சொல்ல முடியாது. கோபம் என்றும் சொல்ல முடியாது. தங்கை கியர் மாற்றியபோது பல் உரசும் சத்தம் கேட்கவில்லை என்பது அவர் காதில் பட்டிருந்தது. அவளைப் பார்த்துக்கொண்டே ஹாண்டிலைச் சுற்றினார். லீவர் நினைவுக்கு வரவில்லை.

என்ஜின் ஒரே உதையாக உதைத்தது. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். வலது மணிக்கட்டு இருக்க வேண்டிய வாக்கில் இல்லை.

முத்தாரம்மாள் ஓடி வந்து கையைப் பார்த்தாள். அழவில்லை. "சரசு, கதவைத் தொற," என்று மட்டும் சொன்னாள்.

"ஜட்கா கூப்பிடு," என்றார் அழகியநம்பி.

"ஜட்கா குலுக்குக குலுக்கிலே மத்த கையும் ஒடியும். ஏறுங்கோ," என்றாள் மனைவி.

பூக்கூடையை முத்தாரம்மாள் பின்சீட்டுக்கு எடுத்துக்கொள்ள, அவர் முன்சீட்டில் ஏறினார். முகம் வெளுத்திருந்தது, ஆனால் வாய் நிற்கவில்லை. கிளச்சை முழுக்க அமுக்கு, இப்பம் ரெண்டாவதுக்கு வா, ஹாரன் அடி என்று சொல்லிக்கொண்டே வந்தார். சரஸ்வதி எல்லாவற்றுக்கும் "செரி அண்ணேன்" என்றாள். பெரும்பாலும் அவர் சொல்வதற்கு முன்னாலேயே செய்து முடித்திருந்தாள்.

சாலைக் கடைத்தெருவைக் கடக்கும்போது அரிசி மூட்டை ஏற்றிய காளைவண்டி ஒன்று சந்திலிருந்து திடீரென்று குறுக்கே வந்தது. அழகியநம்பியின் கால் தன்னையறியாமல் தரைப்பலகையை மிதித்தது. அங்கே பிரேக் கிடையாது. சரஸ்வதி மிதித்தாள். கார் ஒரு பக்கமும் இழுக்காமல், நேராக, காளையின் கொம்புக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. பின்சீட்டில் முத்தாரம்மாள் பெருமூச்சு விட்டாள். வண்டிக்காரன் எதுவுமே நடக்காததுபோல ஓட்டிப் போனான்.

அழகியநம்பி திரும்பி, கார் நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். தன் வண்டி என்றால் எங்கே போய் நின்றிருக்கும் என்று மனதுக்குள் அளந்து பார்த்தார். அரிசி மூட்டைக்கு நடுவில்தான் நின்றிருக்கும். அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. வலியைவிட அந்தக் கணக்கு அவரை அதிகம் சங்கடப்படுத்தியது. தம்பானூர் தாண்டியதும் கேட்டார்.

"பிரேக்கை ரொம்ப அமுக்கினியா?"

"இல்லண்ணேன். பாதிதான்."

ஆஸ்பத்திரியில் எலும்பை இழுத்து வைத்து மாவுக்கட்டு போட்டார்கள். மூவரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். அழகியநம்பி இடது கையால் கதவைத் திறந்து இறங்கி, முன்சக்கரத்துக்கு அருகில் குனிந்து, உள்ளே எண்ணெய்க் குழாய் போகும் வழியைப் பார்த்தார்.

"நிச்சயத்துக்கு நேரமாச்சே," என்றாள் முத்தாரம்மாள்.

"இவளைக் கேளு. சுசீந்திரம் என்ன, அதுக்கும் அந்தப் பக்கம் ஆரல்வாய்மொழி வரைக்கும்னாலும் ஓட்டுவா போலிருக்கு."

மூவரும் சுசீந்திரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தாம்பூலம் மாற்றி முடித்திருந்தார்கள். சாப்பாடு மிச்சம் இருந்தது.

மறுவாரம் சிவதாணு பார்க்க வந்தார். வண்டியைப் பற்றி அத்தான் என்ன நினைக்கிறார் என்று கேட்டார்.

"பிரேக்கு நல்ல பிரேக்கு. மத்தது தகரந்தான்."

பழைய வண்டியை அவர் விற்கவில்லை. கை கூடிய பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் துடைத்து, ஸ்பார்க் லீவரை இரண்டு தடவை பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்து, தெருவுக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டுவார். ஆனால் கார் வாங்க யோசனை கேட்டுக் கடைக்கு வருகிறவர்களிடம், முதலில் நாலு சக்கரத்துக்கும் பிரேக் இருக்கிறதா என்று பாரும் என்று சொல்ல ஆரம்பித்தார். ஓட்டிப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று கேட்டால், ஆரியசாலையில் தங்கச்சி வீட்டுக்கு வழி காட்டுவார்.