ஐந்து குட்டிகளுக்கு ஒரு திருடன்

மயில்வாகனம் ஐயா வீட்டு நாய்க்குட்டிகள் பிறந்த அன்றே ஆங்கிலச் செய்தி கேட்கத் தொடங்கிவிடும். குட்டிகளின் காது திறக்க இரண்டு மூன்று வாரமாகும் என்பது அவற்றின் தாய்க்குத் தெரியும், ஐயாவுக்குத் தெரியாது. பேராக் மாநிலத்துக் குனோங் ராபாட்டில், சுண்ணாம்பு மலையடியில் இருந்த அந்த வீட்டின் பின்பக்கம் ரேடியோ அலறும். தாய் நாய் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கும்.

அரசாங்கத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர் ஐயா. முப்பது வருஷம் கோப்புகளை வளர்த்த கை இப்போது அல்சேஷன் வளர்த்தது. கோப்புக்குக் கிடைத்த மரியாதை குட்டிக்கும் கிடைத்தது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஓர் அட்டை, தட்டச்சு செய்த அட்டவணை. நான்காம் கிழமை, அதாவது பிறந்த நான்காம் வாரம்: குடை விரித்தல். ஐந்தாம் கிழமை: கழுத்துப்பட்டி கட்டிய கனவான். கனவான் ஐயாவேதான். ஆறாம் கிழமை: கைப்பையுடன் சீமாட்டி. அதற்கு அவர் மனைவி சாரதாதேவி. நாயென்றாலே நடுங்குகிற அந்த அம்மாள் தினமும் மூன்று மணிக்குப் பட்டுச்சேலை கட்டி, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு கூண்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நேரே குளிக்கப் போவாள். ஏழாம் கிழமை முதல்: திருடன்.

திருடன், பத்துமலை.

கல்லுமலை ரப்பர்த் தோட்டத்தில் பதினேழு வருஷம் பால்மரம் சீவியவன். தோட்டம் வீடு கட்டி விற்கும் ஒரு தவுக்கேயிடம், சீன முதலாளியிடம், கைமாறி, அவன் பகுதி மரங்களைச் சாய்த்த பிறகு சிலிபினில் ஓர் அறை பிடித்துக்கொண்டு அகப்பட்ட வேலையைச் செய்துவந்தான். எழுபத்தெட்டாம் வருஷம் புல்வெட்டும் வேலை கேட்டுத்தான் ஐயா வீட்டுக்கு வந்தான். ஐயா கிட்டே வந்து மூக்கைத் தூக்கினார்.

"இது என்ன மணம்?"

"ஒட்டுப்பால்ங்கய்யா. மரத்துல கட்டுன மங்குல காஞ்சுபோன பழைய பாலு. எத்தன தொவ தொவச்சாலும் சட்டைய விட்டுப் போகாதுங்க."

"போகக் கூடாது. தோய்க்காதை. எனக்கு இதுதான் வேணும்."

பாடம் சுலபமானது. காலை எட்டு மணிக்கு அந்தச் சட்டையும் தலைத்துணியுமாகப் பத்துமலை கூண்டின்மேல் பாய்வான். பிஸ்கட் தகரத்தைத் தட்டுவான். கம்பை உள்ளே விட்டு ஆட்டுவான். குட்டிகள் மூலையில் ஒண்டி மூத்திரம் விடும். ஏதாவது ஒன்று துணிந்து கீச்சென்று குரைத்த நொடியில் அவன் கம்பைப் போட்டுவிட்டு ஓடவேண்டும்.

"இஞ்ச பார், நீ ஓடுறதுதான் முக்கியம்," என்றார் ஐயா. "குட்டி வெல்லோணும். பன்னிரண்டு கிழமை வரைக்கும் அதுகளின்ர மனசு காயாத சிமெந்து. அதுக்குள்ள எது பதியுதோ, அதுதான் சாகும்வரைக்கும். விளங்கிச்சோ?"

"வெளங்குச்சுங்கய்யா. நான் தோக்கணும்."

"கெட்டிக்காரன்."

தோற்பதில் அவனுக்கு நல்ல அனுபவம் இருந்தது. அவன் ஓடி மறைந்ததும் ஐயா உள்ளே போய் ஈரல் துண்டு கொடுத்துக் குட்டிகளைத் தடவுவார். வாடை குறையும்போதெல்லாம் பத்துமலை கல்லுமலைக்குப் போய் அக்கா ராக்காயியிடம் ஒட்டுப்பால் வாங்கிச் சட்டையில் தேய்த்துக்கொண்டு வருவான். தோட்டத்தில் இன்னும் சாயாமல் நின்ற மரங்களை அவள் சீவிக்கொண்டிருந்தாள். பழைய லயத்து வரிசைவீடுகளில் அவளோடு சேர்த்துப் பதினொரு குடும்பம். மாற்று வீடு தருவதாகத் தவுக்கே வாயால் சொன்னதைக் கையெழுத்துப் போட்டுத் தந்தால்தான் வெளியேறுவோம் என்று உட்கார்ந்திருந்தார்கள். முதலில் அப்படிச் சொன்னவள் ராக்காயிதான்.

"நாம நாறுறோம்னு மூக்கப் புடிச்சவனுங்கதான் எல்லாரும்," என்றாள் அவள், ஒட்டுப்பாலைத் தாளில் சுற்றிக்கொண்டே. "ஒங்க ஐயா மட்டும் கேட்டு வாங்கிக்கிறாரு. பெரிய மனுசன் லா! குட்டிக்குப் பயந்து ஓடுறதுக்குச் சம்பளமாடா? தோட்டத்துல வேல வாங்குன தண்டலப் பாத்து ஓடுனியே, அதுக்கு எவனாச்சும் குடுத்தானா?"

"நடிப்புதான்க்கா."

"அதுவும் நடிப்புன்னுதான் அப்பயும் சொன்ன."

பன்னிரண்டாம் கிழமை முடிந்த அன்று காரில் ஒரு மேனேஜர் வந்தார். பாடம் நடந்தது. ஐந்து குட்டிகளும் கம்பிவலையில் மோதி மோதிக் குரைத்தன. பத்துமலை அன்று ரொம்ப நன்றாக ஓடினான். ஒருமுறை விழுந்தும் காட்டினான். மேனேஜர் கைதட்டினார். எட்டு மாதம் ஆனதும் ஐந்தையும் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு முடிந்தது.

"எந்த எடத்துக்குங்கய்யா?" என்று கேட்டான் பத்துமலை, கார் போனதும்.

"கல்லுமலை. பழைய லயத்தில கொஞ்சப் பேர் எழும்பமாட்டம் எண்டு நிக்கினமாம். நாயள் நாலு தரம் சுத்தி வந்தா தங்கட பாட்டில எழும்புவினம்."

"அங்கதான்ங்க எங்க அக்கா இருக்கு."

ஐயா யோசித்தார். யோசிக்கும்போது அவர் முகம் மிகவும் இரக்கமுள்ள ஒருவருடைய முகமாகத் தெரியும். "அப்ப அக்காவை வேளைக்கு எழும்பச் சொல்லு. நான் நாய்தான் வளக்கிறன், பத்துமலை. வாங்கிறவை அதை வைச்சு என்ன செய்யினம் எண்டது என்ர டிபார்ட்மெண்ட் இல்லை."

வேலையை உதறிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ஒட்டுப்பால் வாடை அடிக்கிற ஆளுக்கா பேராக்கில் பஞ்சம்? நாளைக்கே இன்னொருவன் வந்து ஓடுவான். தான் பதித்ததைத் தானே அழிப்பது என்று பத்துமலை முடிவு செய்தான். எட்டு மாதம் ஆக இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

மத்தியானம் ஐயா சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார். அப்போது அதே சட்டை, அதே தலைத்துணியோடு கூண்டருகே போய்ச் சம்மணம் போட்டு உட்காருவான். தகரம் இல்லை, கம்பு இல்லை. பாசாரில் வாங்கிய கோழிக்கழுத்துகளை வலையோரம் வைத்துவிட்டு அசையாமல் இருப்பான். முதல் மாதம் தொண்டை கட்டும்வரை குரைத்தன. அவன் ஓடவில்லை. இரண்டாம் மாதம் நான்காம் எண் கழுத்தை நீட்டி ஒரு துண்டை இழுத்துக்கொண்டது. நான்காம் மாதத்தில் அவன் உள்ளேயே போய் உட்கார்ந்தான். ஐந்தும் சட்டையை மோந்து மோந்து நக்கின. நான்காம் எண் அவன் மடியில் தலைவைத்துத் தூங்கியது. பத்துமலைக்கு அழுகை வந்தது.

காலைப் பாடமும் நிற்கவில்லை. அவன் பாய்வான், நாய்கள் வாலை ஆட்டிக்கொண்டே குரைக்கும், அவன் ஓடுவான். ஐயா அட்டையில் 'வெற்றிக் களிப்பு' என்று எழுதிக்கொண்டார்.

ஒரு மத்தியானம் சாரதாதேவி சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்தாள்.

"கடிக்காதோ?"

"கடிக்காதுங்கம்மா. இந்த வாடை இப்ப அதுங்களுக்குச் சிநேகம்."

"உன்னைக் கடிக்காது," என்றாள் அம்மாள். "என்னையும் ஒண்டும் செய்யிறேல்லை. ஆனா பக்கத்து வீட்டு அம்பிகை வந்தா, அவளும் சீலைதான் கட்டியிருக்கிறாள், வலையைப் பிய்க்குதுகள்."

பத்துமலை சிரித்துவைத்தான். அந்த அம்மாள் நாய்க்குப் பயந்தவள். அவளுக்கு என்ன தெரியும்?

நாய்கள் வரும் நாளுக்கு முதல் நாளே விடுப்புச் சொல்லிவிட்டுக் கல்லுமலைக்குப் போனான். நாய் வரப்போகிற சேதி கேட்டு லயத்தில் பாதிப் பேர் மூட்டை கட்டியிருந்தார்கள்.

"அவுத்துப் போடுங்க," என்றான். "நாய வச்சுத்தான் மிரட்டப் போறானுங்க. அது ஒண்ணும் பண்ணாது. இந்த வாடைய மோந்தா வாலாட்டும். நான் பழக்கியிருக்கேன்."

"நெசமாவாடா?" என்றாள் ராக்காயி.

"என் மடியில படுத்துத் தூங்குதுக்கா. கழுதைக்கு அம்புட்டுப் பாசம்."

அவள் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். மூட்டைகள் அவிழ்ந்தன.

மறுநாள் பெண்கள் பால்வாளியோடு திரும்பும் நேரத்துக்கு வேன் வந்தது. இரண்டு காவலாளிகள் பின்கதவைத் திறந்தார்கள். பிள்ளைகளை உள்ளே இழுத்துப் போட்டுக் கதவுகள் எல்லாம் சாத்தப்பட்டன. ராக்காயியின் கதவு மட்டும் திறந்திருந்தது. வேலைச் சட்டையோடு அவள் படியில் நின்றாள், பத்துமலை பக்கத்தில்.

நாய்கள் அவனைக் கண்டன. குரைக்கவில்லை. முனகிக்கொண்டு ஓடி வந்தன. நான்காம் எண் எழும்பி அவன் நெஞ்சில் கால் வைத்தது. சன்னல்களுக்குப் பின்னால் யாரோ நிம்மதியாகச் சிரித்தார்கள். "பாத்தீங்களா லா!" என்று பத்துமலை கத்தினான்.

ராக்காயியும் சிரித்தாள். "வாடா ராசா," என்று வலது கையை நீட்டினாள். காலையில் சீவிய மரத்தின் பால் அந்தக் கையில் காய்ந்திருந்தது.

நான்காம் எண் அதை மோந்தது. கவ்வியது. பிறகு மற்ற நான்கும் சேர்ந்துகொண்டன.

பத்துமலை அடித்தான், உதைத்தான், கடைசியில் அவள்மேல் விழுந்து படுத்தான். அவனை ஒரு நாய்கூடக் கடிக்கவில்லை. அவனைச் சுற்றிக்கொண்டு போய், அவன் மறைக்காத இடமாகப் பார்த்து அவளைப் பிடித்தன. அவனை மிக நன்றாகத் தெரிந்துவைத்திருந்தன. அவன் ஒருவனைத்தான் தெரிந்துவைத்திருந்தன. காவலாளிகள் சங்கிலி போட்டு இழுத்த பிறகும் நான்காம் எண் திமிறிக்கொண்டு அவனிடம் வந்து, ரத்தவாயால் அவன் சட்டைப்பையில் கோழிக்கழுத்து தேடியது.

ஆஸ்பத்திரியில் கையைத் தைத்தார்கள். விரல் மடங்கினாலும் இனிக் கத்தி பிடிக்காது என்றார்கள். அந்த வாரத்துக்குள் பதினொரு குடும்பமும் புறப்பட்டது. பிள்ளைகள் கக்கூசுக்குக்கூட வெளியே வர மறுத்தால் என்ன செய்வது? யாரும் எதிலும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை. ஐயாவுக்குத் தவுக்கேயின் மேனேஜர் ஒரு பாராட்டுக் கடிதம் அனுப்பினார். ஐயா அதைக் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டினார். அடுத்த ஈற்றுக் குட்டிகளுக்கு ஏழாம் கிழமை தொடங்குகிறது, திங்கட்கிழமை வந்தால் போதும் என்று பத்துமலைக்கும் ஆள் விட்டிருந்தார்.

லாரி லயத்தின் முன்னால் நின்றது. ராக்காயி கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ஏற்கனவே மேலே உட்கார்ந்திருந்தாள். மற்ற குடும்பங்கள் பத்துமலையைப் பார்க்காமல் சட்டிபானைகளை ஏற்றினார்கள்.

"நீ பேசாம இருந்திருந்தா மூட்டையோட ஓடியிருப்போம்டா," என்றாள் ராக்காயி. "எல்லாரும் கதவச் சாத்துனாங்க. நானும் சாத்தத்தான் போனேன்."

"அக்கா…"

"நீ சொன்னேன்னுதாண்டா தொறந்து வச்சேன்."

அவன் அவளுடைய தகரப்பெட்டியைத் தூக்கி லாரியில் வைத்தான். அவள் தன் காலை நகர்த்தி அதற்கு இடம் விட்டாள். அவன் ஏறுவதற்கு விடவில்லை.