இராஜம்மா பெயரில் ஒரு ஊசி

விடிவதற்குள் திலகம் நூறு ரப்பர் மரத்தில் பால் வெட்டியிருந்தாள். உளி இழைய இழையப் பால் கசிந்து மங்குக் கிண்ணங்களில் சொட்டியது. வலது காலை ஊன்றும்போதெல்லாம் உயிர் போயிற்று. மூன்று நாளைக்கு முன் முள் குத்திய இடம் சீழ் வைத்து, காய்ச்சலில் உடம்பு கொதித்தது.

"போதும்டி, போய் ஊசி போட்டுக்க. மீதிய நான் பாத்துக்கறேன்" என்று அடுத்த நிரையிலிருந்து நவமணி விரட்டினாள்.

கோல சிலாங்கூர்ப் பக்கம் எந்தத் தோட்டத்திலும் இல்லாத அதிசயமாக, எண்பத்தேழில் இவர்கள் மருந்தகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. பெயரைத் தட்டினால் என்ன மருந்து, எவ்வளவு, எது ஆகாது என்று சீட்டு அடித்துத் தரும். சீட்டை மீறக்கூடாதென்று மேனேஜர் உத்தரவு. முகம் பார்த்து மருந்து கொடுத்த பழைய டிரெசரை வீட்டுக்கு அனுப்பியாயிற்று. புதியவன் தனபாலன் மூன்று தோட்டத்துக்கும் ஒற்றை ஆள். பாவம், அவனுக்கு யாரைத் தெரியும்?

"பேரு?" என்றான், தட்டக் காத்திருந்த தனபாலன்.

"இராஜம்மா."

பொய்தான். இராஜம்மா ரவாங் பேக்டரிக்குப் போய் நாலு வருடமாகிறது. புது ஆளைப் பதிந்தால் நிரந்தர வேலை கேட்பார்களென்று, கணக்கெழுதும் கிராணி உமாபதி அந்தப் பெயரிலேயே திலகத்தை வேலைக்கு இறக்கிவிட்டார். உண்மையைச் சொன்னால் வேலையும் போகும், தோட்டம் தந்த லயத்து வீடும் போகும்.

சீட்டு வந்தது. பென்சிலின்.

திலகம் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "அது எனக்கு ஒத்துக்காதுங்க. சுங்கை பெசார் ஆஸ்பத்திரியில பிள்ளை பெத்தப்ப போட்டு, உடம்பெல்லாம் தடிச்சுப்போச்சு."

"உங்களுக்கு இங்கயே மூணு தடவை போட்டிருக்கே, ஒண்ணும் ஆகலன்னு காட்டுது. இராஜம்மாதானே நீங்க?"

தொண்டைவரை வந்த பெயரை விழுங்கிக்கொண்டு கையை நீட்டினாள். தன் பெயரைச் சொல்லக்கூட நாதியில்லாத பிழைப்பும் ஒரு பிழைப்பா!

இரண்டே நிமிடத்தில் உதடு தடித்தது, மூச்சு அடைத்தது. தனபாலன் பதறி அட்ரினலின் ஊசி போட்டு, லோரியில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். மயிரிழையில் பிழைத்தாள்; ஆனால் ஆஸ்பத்திரிப் பதிவில் சொந்தப் பெயர் வெளிவந்துவிட்டது.

நான்காம் நாள் அவளை ஆபீசுக்கு வரச்சொல்லி, மேனேஜர் பாலகிருஷ்ணன் ஒரு வேலைநீக்கக் காகிதத்தை நீட்டினார். பால் வாளிகளோடு பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள்.

"கம்ப்யூட்டர் சரியாத்தான் சொல்லிச்சு. பேரை ஏமாத்துனது நீ. கையெழுத்து போட்டுட்டு சனிக்கிழமைக்குள்ள வீட்டைக் காலி பண்ணு."

"பேரைக் குடுத்ததே உங்க கிராணிதானே, துரை?" என்றாள் நவமணி.

உமாபதி சம்பளப் பதிவேடான செக்ரோலை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"உனக்கென்ன லா? உன் பேரு சரியாத்தானே இருக்கு?" என்றார் மேனேஜர்.

நவமணி வாளியோடு வாசற்படி ஏறினாள். அவளுக்கும் மூன்று பிள்ளைகள், அதே லயம்தான்.

"இல்ல துரை. செக்ரோல்ல நான் புஷ்பவள்ளி. அவங்க செத்து ஆறு வருசமாச்சு."

"நானும் சின்னம்மா இல்லீங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அப்புறம் இன்னொருத்தி. எண்ணிப் பார்த்தால் பதினாலு பேர்.

கூட்டத்தோடு நின்ற தனபாலன் முன்னால் வந்தான். "நாளைக்கு இவங்கள்ல யாரைக் கொல்லப்போறேனோ, சார். இனிமே சீட்டைப் பாத்து ஊசி போட மாட்டேன். ஆளைக் கேட்டுத்தான் போடுவேன்."

"எங்க பேரை செக்ரோல்ல எழுதுங்க, அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியிலயும் ஏத்துங்க. அப்புறம் பாலை ஸ்டோர்ல கொட்டுறோம்" என்று நவமணி வாளியை இறக்கி வைத்தாள்.

"பால் உறைஞ்சு போகும்!"

"உறையட்டும்."

மேனேஜர் போலீசுக்குப் போனைச் சுழற்றினார். வெயில் ஏறியது. ஒருத்தியும் வாளியைத் தொடவில்லை. திலகம் கையெழுத்துப் போடாமலே காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு, நொண்டிக்கொண்டே வந்து அவர்கள் நடுவில் உட்கார்ந்தாள். அழுகை முட்டியது.

"என்னால உங்க வீடும் போயிடும் போலிருக்கே, அக்கா."

"ஒரு வீட்டைன்னா சுலபமாக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க," என்றாள் நவமணி. "பதினாலு வீட்டைச் சொல்லட்டும், பாப்போம்."