அணையாத புகை

“மதியம் அவர் வந்துட்டுப் போற வரைக்கும் எதுலயும் கை வைக்காதக்கா, உனக்குப் புண்ணியமாப் போகும்” என்று தம்பி படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். அக்காக்காரி கேட்டால்தானே!

இரண்டு பேரும் வாடகை அறை ஒன்றில் உட்கார்ந்து உருவாக்கிய செல்போன் விளையாட்டு அது. அதை ஓட்டும் கம்ப்யூட்டர் கோடு எழுதுவது தம்பி. திரையில் தெரியும் நெருப்பு, புகை, தூசி எல்லாம் அக்காவின் கைவேலை. விளையாட்டுகளை வாங்கி வெளியிடும் கம்பெனியிலிருந்து சோதனைக்காரர் ஒருவர் வருகிறார். மட்டமான பழைய போனில் திக்காமல் திணறாமல் ஓடினால் எடுத்துக்கொள்வார்கள். இல்லையா, தம்பி மறுநாள் காலை பழைய ஆபீசில் போய் உட்கார வேண்டியதுதான். வருகிறேன் என்று அங்கே சொல்லியும் வைத்துவிட்டான். விளையாட்டு அத்தோடு மண்ணாய்ப் போகும்.

அன்று காலையில் அவள் கண்ணை உறுத்தியது விளையாட்டில் வீரன் உடைக்கும் பானைகள்தான். உடைத்தால் எழும் தூசி மாவு கொட்டியது போல இருந்தது. மனசு கேட்குமா? விளையாட்டை உருவாக்கும் கேம் எஞ்சின் மென்பொருளோடு இணைத்திருந்த ஏஐயிடம், “உடையுற எல்லாப் பானைக்கும் ரெடிமேட் எஃபெக்ட்ல இருந்து நல்ல புகையா ஒண்ணு போடு” என்று தட்டினாள். கண்மூடித் திறப்பதற்குள் போட்டுவிட்டு “முடிந்தது” என்றது. ஒரு பானையை உடைத்துப் பார்த்தாள். அடடா, என்ன அழகு! உடனே போனில் ஏற்றிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். ஒரே ஒரு பானை. அவசரக் குடுக்கைக்கு இன்னொன்றை உடைத்துப் பார்க்க முடியவில்லை.

மதியம் வந்த சோதனைக்காரர் பானையைக் கண்டால் விடுகிற ஆளாக இல்லை. டமார், டமார் என்று வரிசையாக உடைத்துக்கொண்டே போனார். கொஞ்ச நேரத்தில் திரையில் இருந்த வீரன் சேற்றில் நடப்பவன் போலக் காலை இழுத்தான்.

“போன் சூடாகுதே” என்றார் அவர்.

தம்பியின் முகம் வெளுத்தது. அவள் எட்டிப் பார்த்தாள். முதலில் உடைந்த பானையிலிருந்து புகை இன்னும் எழும்பிக்கொண்டிருந்தது. ஏஐ எடுத்துப் போட்டது புகைபோக்கிக்கென்று செய்து வைத்த புகை. அது நிற்கவே நிற்காது. ஒரு பானைக்கு ஒன்றும் தெரியாது. அத்தனை பானைக்கும் சேர்ந்தால் போன் தாங்குமா?

ஒரே வழிதான் இருந்தது. வீரன் செத்தால் ஆட்டம் முதலிலிருந்து தொடங்கும், புகையெல்லாம் துடைத்தாற்போல் போய்விடும்.

“சார், அந்தக் குழிக்குள்ள குதிச்சுப் பாருங்களேன்!”

குதித்தார், செத்தார். ஆட்டம் மறுபடி பிய்த்துக்கொண்டு ஓடியது. பாவி மனுஷன் நேராகப் பானைகளிடமே போனார். திரும்பவும் திணறல்.

“சார், இந்தப் பக்கமும் ஒரு குழி...”

அதிலும் விழுந்து செத்தார். மூன்றாவது குழியைக் காட்டியபோது போனைக் கீழே வைத்துவிட்டார்.

“ஏம்மா, என்னை எத்தனை தடவைதான் கொல்லுவீங்க?”

“என் கோடுலதான் சார் தப்பு. எங்கேன்னு எனக்கே தெரியல” என்றான் தம்பி. பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினான். நாளைக்கே பழைய நாற்காலிக்குப் போனாலும் இதையே நினைத்து நினைத்துச் சாவான். அவளால் அதைத் தாங்க முடியவில்லை.

“அவன் கோடு சுத்தமா இருக்கு சார். கை வைக்காதேன்னு சொன்னான், நான்தான் வச்சேன். புகை அணைய மாட்டேங்குது.”

தம்பி திரும்பிப் பார்த்த பார்வையில் அவள் பாதி செத்தாள்.

“சரி பண்ண முடியுமா?” என்றார் சோதனைக்காரர்.

“ஒரு டிக்கை எடுக்கணும், அவ்வளவுதான்.”

“எடுங்க. நான் உட்கார்ந்திருக்கேன்.”

இந்த முறை ஏஐயிடம் சொல்லவில்லை. புகையின் செட்டிங்கைத் தானே திறந்து, ‘தொடர்ந்து ஓடு’ என்பதற்கு எதிரே இருந்த டிக்கை எடுத்தாள். விளையாட்டை மறுபடி போனில் ஏற்றினாள்.

“நீங்களே உடைங்க. எல்லாத்தையும்” என்று போனை அவளிடம் நீட்டினார்.

ஒன்றை உடைத்தாள். புகை எழும்பியது, சுருண்டது, அணைந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. கடைசிப் பானைவரை வீரன் துள்ளிக்கொண்டுதான் ஓடினான். சோதனைக்காரர் போனை வாங்கி, அதன் முதுகைத் தொட்டுப் பார்த்தார்.

“சூடு இல்ல. எடுத்துக்கறோம்.”

அவர் படியிறங்கியதும் தம்பி தன் போனை எடுத்துப் பழைய ஆபீசைக் கூப்பிட்டான். அக்காவின் முகத்தைப் பார்க்காமலே பேசினான்.

“சார், நாளைக்கு நான் வரல... இல்ல சார், உடம்புக்கு ஒண்ணுமில்ல. அக்காவைத் தனியா விட்டா எதுலயாவது கை வச்சிடுவா.”